பாசி நிறத்தைப் பிடிக்கும், உப்பை?

ஒரு குடுவையில் நீலத் தண்ணீர். காயவைத்துப் பொடித்த கடற்பாசியை அதில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் சிறிது நேரத்தில் நீலம் வெளுக்கத் தொடங்கும். ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டினால் நீர் ஏறக்குறையத் தெளிந்திருக்கும். பொடி மட்டும் கருநீலமாக வடிதாளில் தங்கியிருக்கும். நம் கல்லூரிகளின் வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறைகளில் பல ஆண்டுகளாக நடந்துவரும் சோதனை இது. பாசியின் பெயர் மாறும், சாயத்தின் பெயர் மாறும், முடிவு பெரும்பாலும் மாறாது: தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நிறம் நீங்கியது. அதற்கு அடுத்த வரியிலேயே, சாயப்பட்டறைக் கழிவுநீருக்கு இது மலிவான, இயற்கையான தீர்வு என்ற பரிந்துரையும் வந்துவிடும்.

சோதனையில் பொய் இல்லை. பரிந்துரையைத்தான் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. திருப்பூரின் சாயக்கழிவும் மண்டபத்தின் கடற்பாசியும் ஒரே மாநிலத்தில் இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசை நமக்கு எளிதில் வருகிறது. நொய்யலையும் மன்னார் வளைகுடாவையும் நேசிக்கிறவர்கள் அந்த முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்று இழுத்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் பாசியின் நிஜமான பலத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனைகளில் பயன்படுவது பெரும்பாலும் உயிரற்ற, உலர்ந்த பாசி. அது சாயத்தைத் தின்பதில்லை, சிதைப்பதும் இல்லை. தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. கட்டக்கோரை என்று மீனவர்கள் சொல்லும் சர்காசம், பக்கோடா பாசி என்கிற டர்பினேரியா போன்ற பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் ஆல்ஜினேட் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைந்திருக்கிறது. அந்தச் சங்கிலி நெடுகிலும் கார்பாக்சில் தொகுதிகள். கூடவே ஃபுக்காய்டன் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியின் சல்பேட் தொகுதிகள். தண்ணீரில் இவை எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. நேர்மின்னூட்டம் கொண்ட எதுவும், அது காப்பரோ காட்மியமோ மெத்திலீன் புளூவோ, இவற்றின் பக்கம் இழுபடும். மின்சாரம் வேண்டாம், நுண்ணுயிரை வளர்த்துப் பராமரிக்க வேண்டாம், நச்சு அதிகமானால் செத்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம்.

இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் போஹுமில் வோலெஸ்கியின் குழு 1990களில் சர்காசத்தைக் கொண்டு உலோக அயனிகளைப் பிடித்துக் காட்டியது. இந்தத் துறைக்கே அடித்தளம் அதுதான் என்று சொல்லலாம். ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஐரோப்பியக் கடற்கரைகளில் வேண்டாத விருந்தாளியாகப் பரவிவிட்ட சர்காசம் மியூட்டிகம் என்ற இனத்தைப் பயன்படுத்தியது. ஒரு கிராம் உலர்பாசி சுமார் 280 மில்லிகிராம் மெத்திலீன் புளூவை ஏற்றுக்கொண்டது. நல்ல செறிவூட்டிய கரியோடு போட்டி போடக்கூடிய அளவு இது. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2007இல் கௌலெர்ப்பா என்ற பச்சைப் பாசியைக் கொண்டு பேசிக் எல்லோ என்ற சாயத்தை நீக்குவது பற்றி எழுதியிருக்கிறார்கள்.

இந்த வெற்றிகளில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. மெத்திலீன் புளூ, பேசிக் எல்லோ இரண்டுமே நேர்மின் சாயங்கள்; தொழிலில் பேசிக் டை என்று சொல்லப்படும் வகை. அக்ரிலிக் நூலுக்கும் சணலுக்கும் அவை ஏற்றவை. திருப்பூரில் பனியன் துணிக்குப் போடுவது அவற்றை அல்ல. பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அதன் மூலக்கூறில் சல்போனேட் தொகுதிகள் தொங்குகின்றன. தண்ணீரில் கரைந்ததும் அது எதிர்மின்னூட்டம் பெறுகிறது. பாசியின் பரப்பும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளும்.

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம்கூட வேண்டாம். பிரிண்டிங் பட்டறைக்குப் போனால் போதும். ரியாக்டிவ் சாயத்தில் துணிக்கு அச்சுப் போடும்போது, சாயம் ஓடிப் பரவாமலிருக்கப் பசை சேர்ப்பார்கள். அந்தப் பசை பல பத்தாண்டுகளாக சோடியம் ஆல்ஜினேட்தான். அதாவது கடற்பாசியிலிருந்து எடுத்த அதே பொருள். ஸ்டார்ச் பசையைப் போட்டால் ரியாக்டிவ் சாயம் துணியை விட்டுவிட்டுப் பசையோடு வினைபுரிந்துவிடும். துணி விறைத்துப்போகும், நிறமும் ஏறாது. ஆல்ஜினேட்டில் அந்தத் தொல்லை இல்லை. அதன் கார்பாக்சில் தொகுதிகள் சாயத்தை நெருங்கவிடாமல் தள்ளுகின்றன. வேலை முடிந்ததும் பசை அலசலில் போய்விடும். எந்தப் பொருளோடு ரியாக்டிவ் சாயம் ஒட்டாது என்பதற்காக ஜவுளித்துறை அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறதோ, அந்தப் பொருள் நிறைந்த பாசியைக் கொண்டு ரியாக்டிவ் சாயத்தைப் பிடிக்கலாம் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பிடிக்கவே முடியாதா என்றால், முடியும். தண்ணீரைக் கடும் அமிலமாக்க வேண்டும். பிஹெச் 1, 2 என்ற அளவுக்கு இறக்கினால் கார்பாக்சில் தொகுதிகள் மின்னூட்டம் இழந்துவிடும். பாசியிலுள்ள புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெறும். அப்போது எதிர்மின் சாயம் வந்து ஒட்டும். தென்கொரியாவிலிருந்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமிலத்தில் பதப்படுத்திய லேமினேரியா பாசி ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தைக் கிராமுக்குச் சுமார் 100 மில்லிகிராம் பிடித்தது. கருப்புத் துணிக்கு உலகெங்கும் ஓடுகிற சாயம் அது. ஆகவே பொருத்தமான ஆய்வுதான். ஆனால் பட்டறையிலிருந்து வருகிற தண்ணீர் அமிலமாகவா வருகிறது? ரியாக்டிவ் சாயம் பருத்தியில் பிணைய சோடா உப்பு, அதாவது சோடியம் கார்பனேட் போட்டாக வேண்டும். சாயக்குளியல் பிஹெச் 10, 11 என்று காரமாக நிற்கும். எல்லா அலசலும் கலந்த பிறகும் கழிவுநீர் காரமாகத்தான் இருக்கும்.

அதை பிஹெச் 2க்கு இறக்க முதலில் கார்பனேட் முழுவதையும் அமிலத்தால் அடக்க வேண்டும். அந்தச் செலவை ஒதுக்கிவிட்டு, நடுநிலையான தண்ணீரை பிஹெச் 2க்குக் கொண்டுபோவதை மட்டும் கணக்கிடுவோம். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய அரை கிராம் கந்தக அமிலம். பாசி தன் வேலையை முடித்ததும் அந்தத் தண்ணீரை அப்படியே விட முடியாது. காஸ்டிக் சோடா போட்டு மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் சேர்ந்து சோடியம் சல்பேட்டாக மாறும்: லிட்டருக்கு 700 மில்லிகிராம் அளவில் புதிய உப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியேற்றும் நீரில் அனுமதிக்கிற மொத்தக் கரைந்த உப்பு, தொழிலில் டி.டி.எஸ். என்பது, லிட்டருக்கு 2100 மில்லிகிராம். நிறத்தை நீக்கப் போய் அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்கு உப்பை நாமே கொட்டியிருப்போம்.

நொய்யலின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த எண் ஏன் வலிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற அந்த ஆற்றில் 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. பாசனத்துக்கென்று கட்டியது. சில ஆண்டுகளிலேயே அது சாயநீர்த் தேக்கமாகிவிட்டது. அணைக்குக் கீழே கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ந்தது, வயல்களில் விதைத்தது முளைக்கவில்லை, மாடுகள் குடிக்க மறுத்தன. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் ஏறி, பல ஆண்டுகள் போராடினார்கள். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஊரே வேலையிழந்து நின்ற மாதங்கள் அவை.

அந்த விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது எது? கண்ணில் பட்டது சிவப்பும் கருநீலமும். மண்ணைக் கொன்றது உப்பு. ஒரு கிலோ கருநிறப் பனியன் துணியை எடுத்துக்கொள்வோம். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் அதற்கு எட்டு லிட்டர் அளவில் சாயக்குளியல். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 70 கிராம் வரை உப்பு போடுவார்கள்; சாதாரண உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ. அந்தக் கணக்கில் ஒரு கிலோ துணிக்கு அரைக்கிலோவுக்கும் கூடுதலான உப்பு. சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. துணியில் அது தங்குவதில்லை. முழுவதும் வடிகாலுக்குப் போகிறது. சாயமோ துணியின் எடையில் நாலைந்து விழுக்காடு, அதாவது 40, 50 கிராம். அதில் நாலில் ஒரு பங்கு பிணையாமல் வெளியேறினாலும் 10 கிராம் சொச்சம். பத்துக் கிராம் சாயமும் ஐநூற்றைம்பது கிராம் உப்பும் ஒரே குழாயில் போகின்றன. பாசியைப் பற்றிய ஆய்வுகள் அந்தப் பத்துக் கிராமைத்தான் பேசுகின்றன.

நிறம் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். அது வெளிச்சத்தை மறைத்து நீர்வாழ் உயிர்களைத் தொந்தரவு செய்யும். சில அசோ சாயங்கள் காற்றில்லாத சூழலில் உடைந்து தீங்கான அமீன்களாக மாறும். நிறம் போக வேண்டும்தான். ஆனால் நிறம் போனதும் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவது ஆபத்து. நிறமுள்ள கழிவுநீரைப் பார்த்தால் விவசாயி மடையை அடைப்பார். நிறமற்ற உப்புநீரை வயலில் விட்டுவிடுவார்.

உப்பைப் பிரிக்கும் வழி திருப்பூருக்குத் தெரியும். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறின. நுண்ணுயிர்த் தொட்டி, மெம்பிரேன் வடிகட்டி, ஆர்.ஓ., கடைசியில் எவாப்பரேட்டர். ஆர்.ஓ. சவ்வு உப்பைத் தடுக்கும்போதே சாயத்தையும் தடுத்துவிடுகிறது. மின்செலவு கடுமையானது; எவாப்பரேட்டரில் மிஞ்சும் கலப்பு உப்பு இன்றைக்கும் தலைவலி. ஆனாலும் தண்ணீர் திரும்பப் பட்டறைக்கே போகிறது. இந்த வரிசையில் பாசியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஆய்வுகளில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

ஆர்.ஓ.வுக்கு முன்னால் வைத்தால் வேறொரு வம்பு. ஆல்ஜினேட் தொழிற்சாலையில் பாசியிலிருந்து ஆல்ஜினேட்டை எப்படி எடுக்கிறார்கள்? சோடியம் கார்பனேட் கரைசலில் சூடாக ஊறவைத்துத்தான். செல்சுவரில் கால்சியத்தோடு பிணைந்து கெட்டியாக இருக்கும் ஆல்ஜினேட், சோடியம் வந்ததும் இளகிக் கொழகொழவென்று கரைந்து வருகிறது. இப்போது சாயக்கழிவுநீரை நினைத்துப் பாருங்கள்: சோடியம் உப்பு ஏராளம், சோடியம் கார்பனேட் கூடவே, வெதுவெதுப்பும் உண்டு. பாசியைக் கரைப்பதற்கென்றே தயாரித்தது போன்ற நீர் அது. பதப்படுத்தாத பொடியை அதில் கொட்டினால் சாயம் பிடிப்பது இருக்கட்டும், பாசியே கூழாகி நீரில் கலக்கும். கரிமச்சுமை ஏறும். அந்தக் கூழ் அடுத்த கட்டத்தில் போய் அடைவது மெம்பிரேன் சவ்வின் துளைகளை. சவ்வுகள் எப்படி அடைபடுகின்றன என்று ஆராய்கிற விஞ்ஞானிகள், வேண்டுமென்றே அடைக்க எந்தப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் சோடியம் ஆல்ஜினேட்டை. அவ்வளவு நம்பகமாக அது அடைக்கும்.

பாசியை முன்கூட்டி அமிலத்திலோ கால்சியம் குளோரைடிலோ பதப்படுத்தினால் கசிவு குறையும். கரியாக்கிவிட்டால் கசிவே இருக்காது. நல்ல ஆய்வாளர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பதப்படுத்தலுக்கும் ஒரு செலவும் ஒரு கழிவுநீரும் உண்டு. மலிவு என்ற வாதம் அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரியாக்குவது என்று முடிவெடுத்தால் இன்னொரு போட்டியாளர் எதிரே வந்து நிற்கிறார். திருப்பூருக்குப் பக்கத்திலேயே காங்கேயம். கொப்பரைக்குப் பேர்போன ஊர், தேங்காய்த்தொட்டிக்குப் பஞ்சமில்லை. தொட்டிக்கரியிலிருந்து செறிவூட்டிய கரி தயாரிப்பது தமிழ்நாட்டில் வேரூன்றிய தொழில். அது உறுதியானது, தரம் ஒரே சீரானது, சூடேற்றி மறுபடி பயன்படுத்தலாம். மண்டபத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் பாசியை ஏற்றிவந்து கரியாக்குவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

எவ்வளவு பாசி வேண்டும் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு 50 லட்சம் லிட்டர் கழிவுநீரைக் கையாளும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம். திருப்பூருக்கு இது நடுத்தர அளவு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 250 கிலோ சாயம். கொரிய ஆய்வின் உச்ச அளவான கிராமுக்கு 100 மில்லிகிராம் நமக்கும் அப்படியே கிடைக்கிறது என்று தாராளமாகக் கொண்டால், நாளுக்கு இரண்டரை டன் உலர்பாசி. காயாத பாசியில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் என்பதால் கடலிலிருந்து எடுக்க வேண்டியது குறைந்தது 12 டன். ஒரே நிலையத்துக்கு, ஒரே நாளைக்கு. உண்மையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். உச்ச அளவு என்பது பாசி முழுக்க நிறைந்து, சுற்றியுள்ள நீரிலும் நிறம் மிச்சமிருக்கும் நிலையில் எடுத்தது. நமக்கு வேண்டியதோ நிறமே இல்லாத நீர். நீர் தெளியத் தெளியப் பாசியின் பிடிப்பும் குறையும். ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தில் உச்ச அளவு மட்டும் மின்னுவதை வாசகர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு டன்னை எடுக்கப்போவது யார்? ராமநாதபுரம் கடலோரப் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் கிள்ளி எடுப்பவர்கள். துணிச்சுற்றையும் மீறிப் பாறை விரல்களைக் கிழிக்கும். உப்புநீர் அந்தக் காயத்தில் நாள் முழுவதும் ஏறும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறையோடு தினமும் ஓர் இழுபறி. பாசி அழிந்தால் பிழைப்பும் அழியும் என்று உணர்ந்து, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் இவர்கள். இவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. சர்காசக் காடுகள் மீன்குஞ்சுகளின் வளர்ப்பிடம். மரிக்கொழுந்து பாசி அகர்அகருக்கும், கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட்டுக்கும் போகின்றன. உணவு, மருந்து, அச்சுப்பசை என்று மதிப்புள்ள பொருள்களாகின்றன. அதே பாசியைச் சாயத்தில் ஒருமுறை முக்கிக் கழிவாக்குவதற்கு எடுத்தால் அந்தப் பெண்களுக்கு எந்த விலை கொடுக்க முடியும்? கரியை விட மலிவாக இருக்க வேண்டும் என்பதே இந்த யோசனையின் முதல் நிபந்தனை. மலிவு என்ற சொல்லுக்குப் பின்னால் அவர்களுடைய கூலிதான் இருக்கிறது.

வளர்த்தெடுக்கலாமே என்று சொல்லலாம். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அரசு கடற்பாசி வளர்ப்பை ஊக்குவிக்கிறது. ஆனால் இங்கே பெருமளவில் வளர்க்கப்படுவது கேப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி. அதன் மதிப்பு காராஜீனன் என்ற கூழ்ப்பொருளில் இருக்கிறது. மேலும் அந்த வெளிநாட்டு இனம் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை விஞ்ஞானிகள் 2008இலேயே பதிவுசெய்துவிட்டார்கள். கழிவுநீருக்கென்று இன்னும் கூடுதலாக அதை வளர்ப்பதை ஆதரிக்க என்னால் முடியவில்லை.

அடுத்தது, யாரும் அதிகம் எழுதாத பகுதி: சாயம் ஏறிய பாசியை என்ன செய்வது? காரக்கரைசலில் சாயத்தைக் கழற்றிப் பாசியை மறுபடி பயன்படுத்தலாம் என்று பல கட்டுரைகள் ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடும். கழற்றிய சாயம் எங்கே போயிற்று? சிறிய அளவு நீரில் செறிவாக நிற்கிறது. பிரச்சினை இடம் மாறியிருக்கிறது, தீரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பாசியின் ஒரு பகுதி கரைந்து இழப்பாகிறது. கடைசியில் மிஞ்சும் கசடு அபாயகரக் கழிவு. நாளுக்கு இரண்டரை டன் உலர்பாசி உள்ளே போனால், சாயமும் ஈரமும் சேர்ந்து அதைவிடக் கூடுதலான எடைக் கசடு வெளியே வரும். சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிக்கலாம். பாசியில் மிஞ்சிய குளோரைடு அங்கேயும் ஒரு தடை. இந்தப் பகுதியைத் தீர்க்காமல் சுற்றுச்சூழலுக்கு இணக்கமானது என்ற சொல்லைப் பயன்படுத்துவது நியாயமாகப் படவில்லை.

உலகளவிலும் அனுபவம் இதையொட்டியே இருக்கிறது. அமெரிக்காவில் ஆல்காசார்ப், பயோஃபிக்ஸ் என்ற பெயர்களில் பாசி போன்ற உயிர்ப்பொருள்களைக் கொண்ட உலோகப் பிடிப்பான்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்தன, ஊன்றி நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி காட் 2009இல் எழுதிய விமர்சன ஆய்வில், ஆய்வுக்கட்டுரைகள் மலையாகக் குவிந்தும் தொழிலில் பயன்பாடு ஏறக்குறைய இல்லை என்பதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். கட்டுரை எழுத வசதியான சோதனை இது: செலவு குறைவு, ஒரு நிறமானி போதும், பரப்பில் ஒட்டும் அளவைக் கணிக்கும் லாங்மியூர் சமன்பாட்டில் வரைபடம் அழகாகப் பொருந்தும். இந்த வசதி ஒரு முழுத் தலைமுறை ஆராய்ச்சி மாணவர்களைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்த ஒற்றைச் சாயத்தோடு நிறுத்திவிட்டது. அந்த மாணவர்களின் உழைப்பு பெரியது. அது பட்டறை வாசலைத் தொடாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

இவ்வளவுக்குப் பிறகும் பாசியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது என் முடிவல்ல. அது பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. பேசிக் சாயம் ஓடும் தொழில்கள் முதல் இடம். அக்ரிலிக் நூலுக்குச் சாயமிடும் லூதியானா, பானிப்பட் போன்ற ஊர்களின் கழிவுநீரில் பாசியின் மின்னூட்டம் நமக்குச் சாதகமாக வேலை செய்யும். டர்க்காய்ஸ் போன்ற சில நிறங்களில் காப்பர் இருக்கிறது. கம்பளிச் சாயங்கள் சிலவற்றில் குரோமியம். அயனியாக வெளியேறும் உலோகத்தை இறுதிக்கட்டத்தில் மெருகேற்றி எடுப்பதற்குப் பாசி தகுதியானது. மூலப்பொருளாக முதல்தரப் பாசியைத் தேட வேண்டியதும் இல்லை. அகர், ஆல்ஜினேட் எடுத்த பிறகு தொழிற்சாலையில் மிஞ்சும் சக்கை இருக்கிறது. கரைய வேண்டியது ஏற்கெனவே கரைந்துவிட்டதால் கசிவும் குறையலாம். 2011 முதல் கரீபியக் கடற்கரைகளில் ஏறக்குறைய ஆண்டுதோறும் சர்காசம் மலைமலையாக ஒதுங்கி அழுகுகிறது. அங்கே பாசி ஒரு தொல்லை. அதை அள்ளிப் பயன்படுத்தினால் யாருடைய பிழைப்பும் கெடாது. அந்தத் தீவுகளில் இந்த ஆராய்ச்சிக்கு இருக்கிற நியாயம் மன்னார் வளைகுடாவில் இல்லை.

திருப்பூருக்குள்ளேயே ஓர் இடம் உண்டு என்று நினைக்கிறேன். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீர், அதாவது ரிஜெக்ட். மொத்த நீரில் அது சிறு பங்கு. சாயமும் உப்பும் அதில் செறிவாக இருக்கும். அந்த உப்புநீரின் நிறத்தை நீக்கிவிட்டால் மறுபடி சாயக்குளியலுக்கே பயன்படுத்தலாம். அப்படிப் பயன்படுத்தும் முறை திருப்பூரில் நடைமுறைக்கும் வந்திருக்கிறது. அங்கே மட்டும் அமிலத்தைப் பற்றிய என் ஆட்சேபம் வலுவிழக்கிறது. கந்தக அமிலமும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து தருகிற சோடியம் சல்பேட், சாயமிடுவதற்கு எப்படியும் விலைகொடுத்து வாங்குகிற கிளாபர் உப்புதானே! நீரின் அளவு குறைவு என்பதால் அமிலச் செலவும் தாங்கும். ஆனால் அவ்வளவு உப்பின் நடுவே பாசி சாயத்தைப் பிடிக்குமா, பாசியிலிருந்து கசியும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரைக் கடினமாக்கிச் சாயத்தைத் திரியவைக்குமா என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். கடினநீர் என்றால் டையிங் மாஸ்டர்கள் எவ்வளவு அஞ்சுவார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்தக் கேள்வியே போதும்.

ஆராய்ச்சி நெறியாளர்களிடமும், நிதி ஒதுக்கும் துறைகளிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த மாணவர் கையில் மெத்திலீன் புளூ பாட்டிலைக் கொடுக்காதீர்கள். திருப்பூரின் ஏதாவது ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பி, அங்குள்ள சேகரிப்புத் தொட்டியிலிருந்தும் ரிஜெக்ட் தொட்டியிலிருந்தும் கேன்களில் நீர் எடுத்துவரச் சொல்லுங்கள். நிறம் எவ்வளவு குறைந்தது என்ற பட்டியலுக்குப் பக்கத்திலேயே, டி.டி.எஸ். எவ்வளவு கூடியது, கரிமச்சுமை எவ்வளவு ஏறியது, கசடு எத்தனை கிலோ, பாசியை எடுத்துக் கொடுத்தவருக்குக் கிலோவுக்கு என்ன விலை என்ற நான்கு எண்களையும் அச்சிடச் சொல்லுங்கள். அவை இல்லாத ஆய்வைச் சாயக்கழிவுக்கான தீர்வு என்ற பெயரில் ஏற்க வேண்டாம்.